வெள்ளி ராத்திரிக்குள்

விமானத்திலிருந்து இறங்கி அதே நாளில் ரயில் பிடிப்பது எப்படி என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. கேட்கத்தான் செய்கிறார்கள். கண்காட்சி, பையர் மீட்டிங் என்று எங்கள் ஆம்பூர் கம்பெனியிலிருந்து ஐரோப்பா போகிறவர்களுக்கெல்லாம், நான் ஒருமுறை மிலானில் இறங்கி, அதுவும் ரயில்காரர்கள் வேலைநிறுத்தம் செய்த நாளில், குறித்த வண்டியைப் பிடித்தவன் என்று தெரிந்திருக்கிறது. "சார், நடுவுல எவ்ளோ கேப் விட்டீங்க?" என்பார்கள். சொல்லி அனுப்பிவிடுவேன். அந்தக் கணக்கில் தப்பில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

நான் ஷூ கம்பெனியில் ஷிப்பிங் பார்க்கிறேன். கப்பலில் ஏற வேண்டிய கண்டெய்னர் துறைமுகத்துக்குள் நுழைய ஒரு கடைசி நேரம் உண்டு. கட்-ஆஃப் என்போம். அதைத் தவறவிட்டால் கப்பல் போய்விடும். சரக்கு வாங்குகிற பையர் அதை எங்கள் செலவில் விமானத்தில் அனுப்பச் சொல்வான். முதலாளி என் முகத்தையே பார்ப்பார். அதனால் எங்கள் வேலையில் எதையும் முன்னாலிருந்து போடுவதில்லை. கட்-ஆஃபிலிருந்து பின்னால் வருவோம். லாரி எப்போது கிளம்ப வேண்டும், அதற்கு முன் பெட்டி எப்போது கட்டி முடிய வேண்டும், அதற்கு முன் பாலிஷ் எப்போது. இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. கல்யாணத்துக்குப் போவதென்றால் தாலி கட்டும் நேரத்திலிருந்து பின்னால் எண்ணித்தான் குளிக்கப் போவேன். என் மனைவிக்கு அது பெரிய பேஜார்.

என் அண்ணன் தோலில் ஃபினிஷிங் டெக்னீஷியன். தோலுக்கு நிறமும் பளபளப்பும் கொடுக்கிற கடைசிக் கட்ட வேலை. அவர் அந்த வேலைக்குப் போனதற்குக் காரணம் உண்டு. ரத்தம் என்றால் அவருக்கு ஆகாது. தோல் பதனிடும் டேனரியில் பச்சைத் தோல் வந்து இறங்குகிற பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். ஊசி போடவே கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஆள். காலேஜ் படிக்கும்போது குடல்வால் ஆபரேஷனுக்கு வேலூரில் சேர்த்தார்கள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரை நிறுத்தியபோது, என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நர்ஸ் அம்மா வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டார். தோல் ஊரில் பிறந்து, தோலிலேயே பிழைத்து, கத்தியைப் பார்த்தால் வெளிறிப்போகிற மனிதர். நாங்கள் எல்லாரும் இதைச் சொல்லி அவரை ஓட்டிக்கொண்டே இருப்போம்.

அவர் இத்தாலிக்கு வேலைக்குப் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. மிலானிலிருந்து கிழக்கே ரயிலில் இரண்டு மணி நேரம் தள்ளி இருக்கும் ஊர். அங்கேயும் டேனரிகள்தான். "இங்கயும் நம்ம பாலாத்து வாசனதான்டா, ஆனா ரோடு சுத்தமா கீது" என்று போனில் சொல்வார். வாணியம்பாடியைச் சேர்ந்த ஒரு பாய் அவரோடு ஒரே வீட்டில் தங்கியிருந்தார். பாய்க்கு உருதுதான் தாய்மொழி. என்னோடு பேசும்போது மட்டும் தமிழுக்கு வருவார், நல்ல தமிழ். எனக்காக நிதானமாகப் பேசுவார்.

அந்த வாரம் திங்கட்கிழமை பாய்தான் எனக்குப் போன் செய்தார். அண்ணனுக்கு வேலை செய்யும்போதே நெஞ்சு வலி. ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார்; போன் கொடுக்க மாட்டார்கள்.

"பயப்படாதீங்க தம்பி. பேசுறாரு, நல்லாத்தான் கீறாரு. ஆனா அடைப்பு ஜாஸ்தியாம். பைபாஸ் பண்ணியே ஆவணும்னு டாக்டருங்க சொல்லிட்டாங்க. வெள்ளி ராத்திரி ஆபரேஷன்."

"ராத்திரியா?"

"பகல்ல வேற கேஸெல்லாம் கீதாம். அதெல்லாம் முடிச்சிட்டுத்தான். வெள்ளி ராத்திரின்னு எழுதியே மாட்டிட்டாங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "உங்க பேரத்தான் சொல்லிக்கினு கீறாரு. தம்பி வந்து கைய புடிச்சிக்கினா உள்ள போய்டுவேன்றாரு. சின்ன புள்ள மாதிரி."

அண்ணியிடம் பாஸ்போர்ட்டே இல்லை. என்னிடம் கண்காட்சிக்காக எடுத்த விசா உயிரோடு இருந்தது. யார் போவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அண்ணி அழவில்லை. "நீ போய் பக்கத்துல நின்னா போதும் தம்பி. அவரு மயக்க மருந்து குடுக்குற வரைக்கும் நின்னா போதும்" என்றார்.

ஆகவே எனக்கு ஒரு கட்-ஆஃப் கிடைத்துவிட்டது. வெள்ளி ராத்திரி. அங்கிருந்து பின்னால் போட ஆரம்பித்தேன்.

கம்பெனியில் இரண்டு ஷிப்மெண்ட் என் தலையில் இருந்தன. அவற்றை வேறு ஒருவரிடம் ஒப்படைத்து, வியாழன் மாலை ஆம்பூரில் ரயிலேறிச் சென்னை போனால், விடியற்காலை விமானம். வளைகுடாவில் ஒரு இடத்தில் மாறி, வெள்ளி மதியம் மிலான். அங்கிருந்து நகரத்துப் பெரிய ஸ்டேஷன், அங்கிருந்து ரயில். வெள்ளி சாயங்காலம் ஆஸ்பத்திரி. ராத்திரி ஆபரேஷனுக்கு முன் தாராளமாக நேரம் இருந்தது. இதற்கு முன் இரண்டு முறை மிலான் போயிருக்கிறேன். இரண்டு முறையும் கம்பெனி கார் வந்தது. ரயில் ஏறியதில்லை.

பயணம் என்று தெரிந்ததும் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். எங்கள் ஊரில் இது ஒரு வியாதி. ஜோலார்பேட்டையைத் தாண்டி ரயிலில் போகாதவனும் ஐரோப்பிய ரயிலைப் பற்றிப் பேசுவான். "வெளிநாட்டு ட்ரெயினு செகண்ட் கூட நிக்காது சார்" என்றான் ஒருவன். "எந்த ஊர் ட்ரெயினா இருந்தாலும் லேட்டாத்தான் வரும், கம்மி கேப்பே போதும்" என்றான் இன்னொருவன். வேலூரில் டிக்கெட் போடுகிறவர் கணினியில் பார்த்துவிட்டு, "இன்னா சார், ராத்திரி மிலான்லயே ரூம் போட்டு படுத்துட்டு சனிக்கிழமை காலைல ஹாயா போலாமே" என்றார். அவருக்கு விஷயம் தெரியாது. இருந்தாலும் கடுகடுவென்று பேசிவிட்டுப் போனை வைத்தேன்.

புதன்கிழமைதான் அந்த வேலைநிறுத்தச் செய்தி கண்ணில் பட்டது. வெள்ளியன்று இத்தாலி முழுவதும் ரயில்கள் ஓடாது; சில வண்டிகள் மட்டும் உறுதியாக ஓடும் என்று ஒரு பட்டியல் வெளியிட்டிருந்தார்கள். நான் போக வேண்டிய திசையில் மதியத்துக்குப் பிறகு ஒரே ஒரு வண்டி. அதை விட்டால் அடுத்தது ராத்திரி. விமான நிலையத்திலிருந்து நகரத்துக்குப் போகிற ரயிலும் அன்று நிச்சயமில்லை. அன்று சாப்பிடவில்லை. விமானம் இறங்குவதற்கும் அந்த வண்டி கிளம்புவதற்கும் நடுவே இரண்டரை மணி நேரம் சொச்சம் இருந்தது. அதற்குள் பாஸ்போர்ட் வரிசை, ஒரு மணி நேர பஸ், தெரியாத ஸ்டேஷனில் பிளாட்பாரம் தேடுவது, எல்லாம் அடங்க வேண்டும்.

கண்டெய்னரை எப்படி நகர்த்துவேனோ அப்படியே என்னையும் நகர்த்தினேன். பெட்டி வரும்வரை நிற்க நேரமில்லை. அதனால் தோளில் மாட்டும் பை மட்டும். அதில் என் துணி இரண்டு, அண்ணி கொடுத்த இரண்டு கைலி. ஆஸ்பத்திரி கவுன் அவருக்குக் கூச்சமாக இருக்கும் என்று கொடுத்தார். விமானத்தில் முன்பக்கம் சீட்டுக்குத் தனியாகக் காசு கட்டினேன். பஸ் எந்தக் கதவுக்கு வெளியே நிற்கும் என்று வீடியோ பார்த்து மனப்பாடம் செய்தேன். ரயில் டிக்கெட்டைத் தாளிலும் எடுத்துவைத்தேன், போன் செத்துப்போனால் என்ன செய்வது என்று.

பாய்க்குப் போன் செய்து, வெள்ளி சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வந்துவிடுவேன் என்றேன். "வாங்க தம்பி, நான் வந்து நிக்கிறேன். அவரு கண்ணு முழிக்கிற நேரத்துக்கு நீங்க வந்துடுவீங்க" என்றார். மருந்து கொடுத்துத் தூங்கவைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். அப்போது எனக்கு வேறு எந்த அர்த்தமும் தோன்றவில்லை.

வளைகுடா விமான நிலையத்தில் மாறும்போது அண்ணிக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினேன். முதல் விமானம் சரியான நேரத்துக்கு வந்துவிட்டது, அடுத்ததும் நேரத்துக்குத்தான் என்று. உடனே பதில் வந்தது. "சரி தம்பி. இன்னாவாச்சும் வாங்கி சாப்புடு. வெறும் வயித்தோட போவாத." அண்ணியின் குரல் கட்டியிருந்தது. ராத்திரியெல்லாம் தூங்கியிருக்கமாட்டார் என்று நினைத்தேன்.

மிலானில் பாஸ்போர்ட் வரிசை நான் நினைத்ததைவிட நீளம். நின்ற இடத்திலேயே எனக்கு வியர்த்தது. எனக்கு முன்னால் ஒரு குடும்பம், நான்கு பேர், நான்கு பேருக்கும் தனித்தனியாகக் கேள்வி. அந்தக் குடும்பத்தை மனதுக்குள் என்ன திட்டு திட்டினேன் என்று இங்கே எழுத முடியாது. அங்கிருந்த வைஃபையில் அண்ணிக்கு எழுதினேன்: வரிசையில் நிற்கிறேன், லேட் ஆகிறது. அதற்கும் உடனே பதில். "பரவால்ல தம்பி, பதட்டப்படாத. ட்ரெயின் கெடைக்கும்." அந்த நேரத்தில் அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு தைரியம் கொடுத்தது என்று சொல்லத் தெரியவில்லை. வீட்டில் இருந்துகொண்டு அவர் எனக்குத் தைரியம் சொல்கிறாரே, நான் இங்கே பதறுகிறேனே என்று வெட்கமாகக்கூட இருந்தது.

கவுண்டரில் இருந்தவர் எதற்கு வந்தாய் என்றார். அண்ணனுக்கு இன்று ராத்திரி ஆபரேஷன் என்றேன். என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். மனப்பாடம் செய்த கதவு வழியாக வெளியே ஓடினேன். பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது, கதவைத் தட்டி ஏறினேன். நெடுஞ்சாலையில் நெரிசல். வேலைநிறுத்தம் என்பதால் ஊரே ரோட்டில் இருந்தது. பஸ் நிற்கும்போதெல்லாம் என் கால் தரையை மிதித்தது, நான் மிதித்தால் அது ஓடும் என்பதுபோல.

ஸ்டேஷனில் இறங்கி ஓடியது பற்றி அதிகம் நினைவில்லை. அறிவிப்புப் பலகை முழுவதும் சிவப்பாக, ரத்து, ரத்து என்று இருந்ததும், நடுவில் என் வண்டி மட்டும் உயிரோடு இருந்ததும் நினைவிருக்கிறது. பெட்டிக்குள் ஏறி நான் மூச்சு வாங்கும்போது கதவு மூடியது. சீட்டில் உட்கார்ந்து சிரித்தேன். பக்கத்தில் இருந்த கிழவர் என்னைப் பார்த்துத் தானும் சிரித்தார். பதினைந்து வருடத் தொழிலில் எந்தக் கப்பலைப் பிடித்தபோதும் வராத சந்தோஷம் எனக்கு அந்த ரயிலில் வந்தது. இதை எழுதும்போது கசக்கிறது, ஆனால் வந்தது உண்மை.

அண்ணிக்குப் போன் செய்தேன். "அண்ணி, புடிச்சிட்டேன். ட்ரெயின் புடிச்சிட்டேன். சாயங்காலம் அண்ணன் பக்கத்துல நிப்பேன்."

"நல்லது தம்பி" என்றார். "உக்கார எடம் கெடைச்சிச்சா?"

"கெடைச்சிச்சு."

"பைய மடியில வச்சிக்க. கீழ வைக்காத."

வீட்டில் எப்போதும் ஓடும் டிவி சத்தம்கூட அன்று கேட்கவில்லை. அத்தனை அமைதியாக இருந்தது. நான் அதைக் கவனித்தேன்; ஏன் என்று கேட்கவில்லை.

ரயில் ஓடியது. வயல், தொழிற்சாலை, வயல். ஆபரேஷனுக்குள் போகும் முன் அண்ணனிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். வழக்கம்போல ஓட்டிவிட வேண்டியதுதான், தோல்காரன் கத்திக்குப் பயப்படலாமா என்று கேட்க வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

பாய் பிளாட்பாரத்திலேயே நின்றிருந்தார். ஒல்லியான மனிதர், தலையில் தொப்பி. நான் கையை நீட்டினேன். அவர் கையைப் பிடிக்காமல் என்னைச் சேர்த்து அணைத்துக்கொண்டார். எனக்கு அவசரம்.

"போலாம் பாய். எத்தன மணிக்கு உள்ள கூட்டிட்டு போறாங்க?"

அவர் விலகி என் முகத்தைப் பார்த்தார். "யார தம்பி?"

"அண்ணனத்தான். ராத்திரி ஆபரேஷன் இல்ல?"

அவருக்கு நான் சொன்னது புரியவில்லை. எனக்கு அவர் முகம் புரியவில்லை.

"ஆபரேஷன் நேத்தே ஆய்டுச்சே தம்பி" என்றார். "வெள்ளி ராத்திரின்னு சொன்னேனே."

"இன்னிக்குத்தான வெள்ளி? இன்னும் ராத்திரி ஆவலயே?"

அவர் தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "யா அல்லா" என்றார். "எங்க வெள்ளி ராத்திரி தம்பி. எங்க வெள்ளி ராத்திரி."

எங்கள் ஊரில் பாய்மார் வீடுகளில் பொழுது சாய்ந்து மக்ரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னால் மறுநாள் பிறந்துவிடும். ராத்திரி முதலில், பகல் பின்னால். வியாழக்கிழமை இருட்டினால் அது வெள்ளியின் ராத்திரி. வியாழக்கிழமை மாலையில் எங்கள் கம்பெனியில் தைக்கிற பெண்கள் சீக்கிரம் கிளம்புவார்கள், இன்னிக்கு வெள்ளி ராத்திரி சார், வீட்ல ஃபாத்திஹா ஓதணும் என்று சொல்லிவிட்டு. நாளைய வெள்ளிக்காகத் தயார் செய்யப் போகிறார்கள் என்று எண்ணிக்கொள்வேன். பாய் அவருடைய மொழியிலேயே பேசியிருந்தால் புரியாமல் திரும்பக் கேட்டிருப்பேன். இங்கிலீஷில் சொல்லியிருந்தால் தர்ஸ்டே என்றிருப்பார். எனக்காகத் தமிழில் சொன்னார். தமிழ்தானே என்று நானும் கேட்டுக்கொண்டேன். இதில் யார் மேல் கோபப்படுவது? இன்றுவரை கோபம் மட்டும் இருக்கிறது, அதை வைக்க இடம் இல்லை.

"எப்படி கீறாரு?" என்றேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. நல்ல செய்தி சொல்கிறவர் ஸ்டேஷனில் கட்டிப்பிடிக்கமாட்டார்.

ஆபரேஷன் நடக்கும்போதே போய்விட்டார் என்று பாய் சொன்னார். தியேட்டர் வாசல்வரை தான் கூடவே போனதாகச் சொன்னார். என் கைதான் அவருக்கு வேண்டியிருந்தது. பாயின் கை கிடைத்தது. அதுவாவது கிடைத்தது என்று இப்போது நினைக்கிறேன். அன்று அப்படி நினைக்க முடியவில்லை. கடிகாரத்தை ஒருநாள் பின்னால் தள்ளினால் என் கணக்கு எல்லாமே சரி என்பதுதான் தலைக்குள் ஓடியது.

"வீட்டுக்கு?" என்றேன்.

"அப்பவே போன் போட்டுட்டேன் தம்பி. உங்க அண்ணிக்கு. அங்க விடிஞ்சும் விடியாம. அவங்கதான் சொன்னாங்க, தம்பி வழியில கீது, தெரிஞ்சா ஒடிஞ்சி பூடும், ஊரு பேர் தெரியாத எடத்துல தனியா இன்னா பண்ணும், நேர்ல பாத்து நீங்களே சொல்லுங்கன்னு."

விடியற்காலை. அப்போது நான் சென்னையில் விமானம் ஏறியிருப்பேன். சாப்பிடு என்று சொன்ன குரல், பதட்டப்படாதே என்று எழுதிய கை, பையை மடியில் வைத்துக்கொள் என்று சொன்னது, எல்லாம் அதற்குப் பிறகு. தாலி அறுந்த செய்தி வந்த அந்த நாள் முழுவதும் என் அண்ணி எனக்கு ரயில் பிடித்துக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

பிளாட்பாரத்திலேயே நின்று போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"எறங்கிட்டியா தம்பி? பாய் வந்தாரா?"

"வந்தாரு அண்ணி."

அவர் காத்திருந்தார். என் மூச்சு அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"சொல்லிட்டாரா?"

"சொல்லிட்டாரு."

அண்ணி போனை வாயிலிருந்து எடுத்துவிட்டு, வீட்டுக்குள் இருந்தவர்களிடம் சொன்னது தூரத்திலிருந்து எனக்குக் கேட்டது. "தம்பி போய் சேந்துடுச்சி. தெரிஞ்சிடுச்சி. இனிமே அழுவலாம்."

அந்த வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.